ஒரே குப்பியின் பிள்ளைகள்

என் பணி ஓய்வு விழாவில் ஒரு பொய் சொல்லப்பட்டது. சொன்னவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர். நல்ல மனுஷர், பாராட்ட வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். "மேரி சிஸ்டருக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. எத்தனை ஆயிரம் குழந்தைக்கு ஊசி போட்டிருப்பாங்க, ஒரு நாள் கை நடுங்கிப் பாத்ததில்ல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சந்தன மாலை கழுத்தை அரிக்க, நானும் சிரித்துவைத்தேன். ஏற்புரை சொல்லச் சொன்னபோது நன்றி என்று ஒரு வார்த்தையோடு உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லத் தொடங்கியிருந்தால் விருந்துக் கேசரி ஆறிப்போயிருக்கும். புதுச்சேரியில் நான் தடுப்பூசி போட்ட அத்தனை வருஷமும் பயந்துகொண்டேதான் போட்டேன். கை நடுங்கவில்லை, வாஸ்தவம். நடுங்கியதெல்லாம் உள்ளே. இப்போது வேலைக்கு வந்திருக்கும் பெண்கள், "எங்களுக்குப் புதன்கிழமைன்னாலே வயித்தக் கலக்குதுக்கா, நீங்க எப்பிடி இருந்தீங்க?" என்று போனில் கேட்கிறார்கள். புதன்கிழமைதான் எங்களுக்குத் தடுப்பூசி நாள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது, அம்மாடிகளா. ஒரு புதன்கிழமைக்கு அடுத்த நாள் கலங்கியது இன்றுவரை அடங்கவில்லை.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு புதுச்சேரி மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் காவலுக்குப் போனார். 'நம்ம வீட்டுல ஒருத்தியாச்சும் வெள்ளச் சேலை கட்டணும்' என்று என்னை நர்சிங் சேர்த்தார். படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினோம், தலையணையில் குத்திப் பழகினோம், பிறகு ஒருத்தி கையில் ஒருத்தி. பிறந்த குழந்தையின் இடது தோளில் காசநோய்த் தடுப்பூசியைத் தோலுக்குள்ளேயே நிற்க வைத்து, கொசு கடித்ததுபோல ஒரு சின்னக் கொப்புளம் எழும்பினால்தான் சரி. என் முதல் கொப்புளம் எழும்பியபோது குழந்தையோடு சேர்ந்து நானும் அழுதேன். இதோடு படிப்பு முடிந்தது. வேலையை நான் கற்றது மதாமிடம்.

மதாம் என்றால் எங்கள் மேற்பார்வை நர்ஸ் லூர்து திரேசா. பிரெஞ்சு பள்ளியில் படித்தவர், பேச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரெஞ்சு விழும். அதனால் டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை அவருக்கு மதாம் என்றே பெயர். சத்தம் போட மாட்டார். அதுதான் தொல்லையே. திட்டுகிற மேலதிகாரியை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடலாம். மதாம் பக்கத்தில் வந்து நின்று, "துஸ்மா, மேரி, துஸ்மா" என்பார். மெதுவாக என்று அர்த்தம். எனக்கு அப்படியே முதுகு வேர்க்கும்.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், நமக்கு முன்னால் மருந்துக்கே பயம் உண்டு என்பது. உயிருள்ள கிருமியை நலிய வைத்துச் செய்த மருந்துகள் ஒரு வகை. சொட்டு மருந்து, காசநோய் ஊசி, தட்டம்மை ஊசி எல்லாம் அந்த வகை. அவற்றுக்கு வெயில் ஆகாது, வெளிச்சம்கூட ஆகாது. செத்த கிருமியிலோ அதன் துண்டிலோ, நஞ்சை முறித்தோ செய்தவை இன்னொரு வகை. ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடுகிற பென்டாவேலன்ட், ரணஜன்னி ஊசி எல்லாம் இதில் வரும். இவற்றுக்குப் பனி ஆகாது. ஒரு முறை உறைந்துவிட்டால் மருந்து செத்தது. பார்க்க அப்படியே இருக்கும், போட்டால் வேலை செய்யாது. "வெயிலுக்குப் பயப்படறது ஒண்ணு, குளிருக்குப் பயப்படறது ஒண்ணு. எது எதுக்குப் பயப்படுதுன்னு உனக்குத் தெரியலன்னா, நீ அதுங்களுக்கு அம்மா இல்ல, மாமியார்" என்பார் மதாம்.

இதை நான் மறக்காமல் இருக்க எங்கள் வாட்ச்மேன் ஒரு நல்ல காரியம் செய்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வஞ்சிரம் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்வரை கெடாமல் இருக்கத் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டார். தடுப்பூசிப் பெட்டியில் தடுப்பூசியைத் தவிரத் தண்ணீர் பாட்டில்கூட இருக்கக் கூடாது. அது போகட்டும். மீனுக்கு இடம் வேண்டுமே என்று மருந்துக் கூடையைத் தூக்கிவிட்டு, அதில் இருந்த குப்பிகளைப் பெட்டியின் அடியில் அடுக்கியிருந்தார். அடியில்தான் உறைகுளிர். நான் மீனைப் பார்த்துப் பதறினேன். மதாம் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடியில் கிடந்த குப்பிகளில் ஒன்றை எடுத்தார். வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிய குப்பி ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நல்ல மருந்து நெடுநேரம் கலங்கலாகவே நிற்கும். உறைந்து கெட்டது சீக்கிரம் அடியில் படிந்து, மேலே தெளிந்துவிடும். அந்த இரண்டு குப்பிகளையும் பார்த்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இரண்டும் ஒன்றுபோலத் தெளிந்தன. அத்தனையும் குப்பைக்குப் போனது. வாட்ச்மேனிடம் மதாம், "மீன் நல்லா இருக்கும், எடுத்துக்கிட்டுப் போங்க. அதுக்குக் குளிர் நல்லது" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷர் அன்றைக்கு மீன் சாப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊசி போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தாய் உட்கார்ந்து குழந்தையை மடியில் அணைத்துப் பிடிக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைப் பார்த்து, போன தடவை ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்ததா, விடாமல் அழுததா என்று கேட்க வேண்டும். குப்பியின் பெயரையும் காலாவதியையும் இரண்டு முறை படிக்க வேண்டும். தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் நேராக ஊசி இறங்க வேண்டும். தேய்க்கக் கூடாது. ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. பிறகு தாயிடம் நாலு விஷயம்: என்ன ஊசி போட்டோம், காய்ச்சலோ வீக்கமோ வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வருவது, அட்டையைப் பத்திரமாக வைப்பது. அப்புறம் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்.

அந்த அரை மணிதான் என் நரகம். ஆயிரத்தில் ஒன்று, லட்சத்தில் ஒன்று என்பார்கள், ஒரு பிள்ளைக்கு மருந்து ஒவ்வாமல் மூச்சு அடைத்துவிடும். அதற்கு அட்ரீனலின் குப்பி என் தட்டிலேயே இருக்கும். ஊசி போட்ட பிறகு நான் தொடையைப் பார்க்க மாட்டேன், உதட்டைத்தான் பார்ப்பேன். உதடு நீலம் பாய்கிறதா என்று. வாயால் நூறு கதை பேசிக்கொண்டிருப்பேன், கண் உதட்டில் இருக்கும். தாய்மார்கள், "மேரி சிஸ்டர் பிள்ளைங்கள எப்பிடிக் கொஞ்சுது பாரு" என்பார்கள். கொஞ்சலாவது மண்ணாவது.

அந்தப் புதன்கிழமை மழைக்காலத்தில் வந்தது. கார்த்திகை அடைமழை. தேங்காய்த்திட்டில் ஓர் அங்கன்வாடியில் முகாம். பென்டாவேலன்ட் ஒரு குப்பியில் பத்துப் பிள்ளைகளுக்கு மருந்து இருக்கும். அன்றைக்கு மழையால் அவ்வளவு பேர் வரவில்லை, ஐந்தே பேர். ஐந்தும் ஒரே குப்பி. அரை மணி காத்திருந்து, உதடெல்லாம் பார்த்து, அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். மீதி மருந்தோடு குப்பி எங்கள் பெட்டிக்குத் திரும்பியது.

மறுநாள் காலை நான் நிலையத்துக்குள் நுழையும்போதே ஆஷா பணியாளர் சாந்தி வாசலில் நின்றாள். அந்தப் பகுதி வீடுகளையெல்லாம் உள்ளங்கை ரேகைபோல அறிந்தவள். அவள் முகம் சரியில்லை.

"சிஸ்டர், நேத்து ஊசி போட்டுக்கினு போன பிரியா புள்ள சாயங்காலமே துவண்டு போச்சாம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போயிட்டாங்க. பூடுச்சுன்னு சொல்றாங்க."

போய்விட்டது என்கிறாள். பிரியாவின் மகனுக்கு முதல் ஊசி அது. ஊசி இறங்கும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டான். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார், வார்டில் யாரும் எடுக்கவில்லை.

மதாம் வந்தார். 'என்ன பண்ணினாய்' என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து அந்தக் குப்பியைத் தனியே எடுத்துக் கட்டி, யாரும் தொடக்கூடாது என்று டாக்டரிடம் ஒப்படைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அதே குப்பியில இன்னும் நாலு பிள்ளைங்க இருக்கு, மேரி."

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. ஒரு பிள்ளைக்காக அழுதுகொண்டிருந்தவளுக்கு நாலு பிள்ளைகள் கண்ணெதிரே வந்து நின்றன.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ சாந்தியோட அந்த நாலு வீட்டுக்கும் போ. போன்ல கேக்காத. நல்லா இருக்குன்னு அவங்க சொல்றத நம்பாத. தூங்குதுன்னு சொன்னா எழுப்பு. பால் குடுக்கச் சொல்லு. குடிக்கிறத உன் கண்ணால பாக்காம வாசப்படி எறங்காத. பாத்தேன்னு வந்து சொல்லக் கூடாது, தொட்டேன்னு சொல்லணும்."

"மதாம், ஜனங்க அடிப்பாங்க."

"அடிப்பாங்க. துஸ்மா போ."

என் ஸ்கூட்டியில் சாந்தி பின்னால் உட்கார்ந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் வீட்டில் படி ஏறும் முன்பே குழந்தை கத்துகிற சத்தம் கேட்டது. அழுகையைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இரண்டாவது வீட்டில் தொடை வீங்கிக் காய்ச்சல். அந்தத் தாய் என்னை நார் நாராகக் கிழித்தாள். ராத்திரி முழுக்கத் தூங்கலையாம், ஊசி போட்ட கை விளங்காதாம். நான் தலையாட்டிக்கொண்டே பிள்ளை பால் உறிஞ்சுவதைப் பார்த்தேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு தாயே, உன் பிள்ளை குடிக்கிறது.

மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் சேதி முந்திக்கொண்டுவிட்டது. வாசலில் ஆண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் வழியை மறித்தார்.

"ஒரு புள்ளையக் கொன்னது போதாதா? இங்க இன்னாத்துக்கு வந்த?"

"உங்க புள்ளையப் பாக்கத்தான் வந்தேண்ணா. பாக்காம போவ மாட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சாந்திதான் முன்னால் போனாள். "யோவ், அது புள்ளையப் பாத்துட்டுப் போவட்டும். அப்புறமா அடி. எங்க ஓடிடப் போவுது" என்றாள். அடுத்த தெருக்காரி சொன்னதற்கு மரியாதை இருந்தது. வழி விட்டார்கள். அந்தப் பிள்ளையும் குடித்தது. வெளியே வரும்போது யாரோ என் ஸ்கூட்டியைத் தள்ளிவிட்டிருந்தார்கள். கண்ணாடி உடைந்திருந்தது. நிமிர்த்திக்கொண்டு கிளம்பினோம்.

நாலாவது வீடு பூட்டியிருந்தது.

அஞ்சலையின் பெண் குழந்தை. இரண்டாவது ஊசி. அஞ்சலை மீன் ஏலம் எடுத்து விற்பவள், அந்த வாரம்தான் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "பாப்பாவ நாத்தனார் வூட்ல வுட்டுட்டு ஏலத்துக்குப் போயிருக்கா. கருவடிக்குப்பம். ஊசி போட்ட புள்ள, மழையில இங்க ஒழுவுதுன்னு நேத்தே கொண்டு போயி வுட்டுட்டா." அஞ்சலையின் போன் அணைந்திருந்தது. துறைமுகத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு நாங்கள் ஊரின் வடக்கே திரும்பினோம். ஊரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கடக்க வேண்டும். ஒவ்வொரு சிக்னலும் எனக்காகவே சிவப்பாக நின்றது. மூன்று பிள்ளையும் நன்றாக இருக்கிறதே என்று மனசு தேறவில்லை. அப்போ நாலாவதுதான் என்றது. பயத்துக்கு அப்படி ஒரு கணக்கு உண்டு.

நாத்தனார் தேவகி கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தாள். நெற்றியில் சுக்குப் பற்று போட்டிருந்தாள்.

"பாப்பா எங்கம்மா?"

"தூங்குது. நல்லாதான் இருக்கு. நீங்க போங்க."

"ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"காலையில வெந்நி ஊத்தி, சாம்பிராணி போட்டுத் தூங்க வெச்சேன். தூங்குற புள்ளைய எழுப்பக் கூடாது, உசுரு பதறும். ஊசி போட்ட ஒடம்பு, கதவத் தொறந்தா காத்து பூந்துக்கும்."

எங்கள் பக்கத்தில் இது வேத வாக்கு. தூங்குகிற பிள்ளையை எழுப்ப மாட்டார்கள், பார்க்கக்கூட விட மாட்டார்கள். ஊசி போட்டு வந்த பிள்ளைக்குக் காற்றே ஆகாது என்பார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சரி என்று வாசலோடு போயிருப்பேன். யார் வீட்டுப் பிள்ளையையும் நான் எழுப்பியதில்லை. அன்றைக்கு மதாமின் குரல் பிடரியில் நின்றது. தேவகியைக் கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன்.

ஒற்றை அறை. ஜன்னல் இடுக்கில் துணி அடைத்திருந்தது. கதவடியிலும் கோணி. நடுவில் சேலைத் தூளி. தூளிக்கு நேர் கீழே ஓர் இரும்புச் சட்டி. சாம்பிராணி போட்ட தணல். பிள்ளைக்குக் குளிருமே என்று மேலும் கரி போட்டுச் சட்டியை அங்கேயே விட்டிருந்தாள். புகை அடங்கி, கரி மட்டும் சிவந்து கனன்றது. உள்ளே நுழைந்தவுடன் எனக்கு நெஞ்சு ஒருமாதிரி அடைத்தது.

தூளியை விலக்கிக் குழந்தையைத் தூக்கினேன். தலை என் கையிலிருந்து அப்படியே பின்னால் சரிந்தது. கை கால் கொடியாகத் துவண்டது. "பாப்பா" என்றேன். கன்னத்தைத் தட்டினேன். உள்ளங்காலில் சுண்டினேன். ஒன்றுமில்லை. இந்தத் துவளலைத்தானே சாந்தி காலையில் சொன்னாள். ஊசி போட்டு, சாயங்காலம் துவண்டு, போய்விட்டது. என் குப்பி. என் கை. அந்த நிமிஷம் ஓடிவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. குழந்தையைத் தூளியிலேயே போட்டுவிட்டு எங்காவது கடலோரமாகப் போய்விட வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, அப்படித்தான் தோன்றியது.

மூக்கருகே கன்னத்தை வைத்தேன். மூச்சு இருந்தது. மெல்லிசாக, நெடுநேரத்துக்கு ஒன்றாக வந்தது.

பின்னால் தேவகி சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினாள். "எனக்கே காலையிலேந்து மண்டையப் பொளக்குது சிஸ்டர். வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

சுக்குப் பற்று. அப்போதுதான் சட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அடைத்த ஜன்னல், கதவடிக் கோணி, தணல், இவளுக்குத் தலைவலி. இவளுக்கு நான் ஊசி போடவில்லையே.

"சாந்தி, அவளை வெளிய இழு" என்று கத்திக்கொண்டு, குழந்தையோடு தெருவுக்கு ஓடினேன். சுற்றியிருந்த துணியை உருவிவிட்டு, தூறலில் நின்று, முகத்தை நிமிர்த்திப் பிடித்து மூச்சுக்கு வழி செய்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். வெள்ளை உடையில் ஒருத்தி துவண்ட பிள்ளையோடு தெருவில் நின்றால் என்ன நினைப்பார்கள்? யாரோ, "இதுக்கும் ஊசி போட்டுட்டாங்கடா" என்றார். கூட்டம் நெருங்கியது. என் முதுகில் ஒரு கை விழுந்தது. அடித்ததா, பிடித்ததா, இன்றுவரை தெரியாது. குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வந்த ஆட்டோவில் ஏறிவிட்டேன். தேவகியைச் சாந்தி பின்னாலேயே தள்ளி ஏற்றினாள்.

ஆட்டோவின் இரண்டு பக்கத் தார்ப்பாயையும் தூக்கிக் கட்டச் சொன்னேன். காற்றும் சாரலும் அடித்தன. உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தேன். தெரிந்த ஜெபமெல்லாம் பாதியில் மறந்துபோனது. முத்தியால்பேட்டை மார்க்கெட் அருகே நெரிசலில் வண்டி நின்றபோது குழந்தையின் நெற்றி சுருங்கியது. பிறகு வாய் கோணியது. பூனைக்குட்டிபோல ஒரு சின்ன அழுகை வந்தது. தேவகி என் தோளில் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டரிடம் சொன்ன முதல் வார்த்தை, "மூடின ரூம்ல கரி எரிஞ்சுது சார்" என்பதுதான். நேற்று போட்ட ஊசியையும் சொன்னேன், எதையும் விடவில்லை. அவர் குழந்தைக்கு உடனே ஆக்சிஜன் வைத்தார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா…" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

திரும்பினால், அதே வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் பிரியா உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் மகன். பால் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மதாம் நின்றிருந்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாகவில்லை. அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு இந்த ஊசிக்குப் பிறகு கொஞ்ச நேரம் வெளிறித் துவண்டு, கூப்பிட்டால் கேளாமல் போகும், தானே தெளிந்துவிடும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். முன்தினம் ராத்திரியே தெளிந்துவிட்டானாம். மதாம் அதைச் சொல்லக் கூப்பிட்டபோது என் போன் மழையில் நனைந்து அணைந்திருந்தது. 'பூடுச்சு' என்ற சொல் மட்டும் ஊரெல்லாம் நடந்திருக்கிறது. குப்பியில் ஒரு குற்றமும் இல்லை என்று பிற்பாடு சோதனை முடிவும் வந்தது.

அஞ்சலை வந்தாள். துறைமுகத்திலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள், முழங்கை வரை மீன் செதில். ஆக்சிஜன் முகமூடிக்குள் மகளைப் பார்த்தாள். நேராக வந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"எம் புள்ளைக்கு இன்னா ஊசி போட்ட? சொல்லு, இன்னா ஊசி போட்ட?"

தேவகி சுவரோரம் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். காலையிலிருந்து என் முகத்தில் இருந்த அதே பயம். நான் தப்பிக்க ஒரு வார்த்தை போதும். அவளைச் சுட்டிக் காட்டினால் போதும். ஆயுசு முழுக்க அந்தக் குடும்பத்தில் அவள் தலை நிமிர முடியாது.

மதாம்தான் வந்து அஞ்சலையின் கையை என் தோளிலிருந்து மெதுவாக எடுத்தார்.

"துஸ்மா, அஞ்சலை. ஊசியால இல்ல. குளிருக்குப் போட்ட கரியால காத்து கெட்டுப் போச்சு. மூடின ரூம்ல அது யாருக்கும் தெரியாது, வாசனைகூட வராது. உன் நாத்தனாரும் அதே காத்தத்தான் குடிச்சிருக்கா. பாப்பாவ வுட்டு நவராம உக்காந்ததுனால அவளுக்கும் இந்த கதி. டாக்டர், இவங்களுக்கும் ஆக்சிஜன் வேணும், தலைவலியும் வாந்தியும் இருக்கு."

தேவகியைக் கட்டிலில் படுக்க வைத்து முகமூடி மாட்டினார்கள். குற்றவாளியாக நின்றவள் நோயாளியாகப் படுத்தாள். அஞ்சலை இரண்டு கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாத்தனாரின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வருஷக்கணக்கில் பார்த்த நர்சிங்கில், மதாம் அன்று செய்ததைவிடப் பெரியது ஒன்றைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் முகமூடியை எடுத்தார்கள். பாப்பா பசித்து அழுதாள். அஞ்சலை மடியில் போட்டாள். நான் குனிந்து, குழந்தையின் தாடை அசைவதையே பார்த்தேன். பிறகு உள்ளங்காலைத் தொட்டேன், இழுத்துக்கொண்டாள்.

"தொட்டேன் மதாம்" என்றேன்.

"நாலும்?"

"நாலும்."

மதாம் தலையசைத்துவிட்டு, திரும்பி ஜன்னல் பக்கம் நின்றார். அவர் கைகள் நடுங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதோடு பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த மாசம் அதே அங்கன்வாடி, அதே புதன்கிழமை. யாரும் வர மாட்டார்கள் என்றே நினைத்தேன். வந்தால் அதைவிடப் பயம், மறுபடியும் ஊசி எடுக்க வேண்டுமே. பிரியாவின் மகனுக்கு அடுத்த ஊசியைப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் பார்வையில் போட ஏற்பாடு செய்திருந்தோம். காலையெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாந்தி வீடு வீடாகப் போய், மதாம் அன்றைக்கு எனக்குச் சொன்னதையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

மதியத்துக்குச் சற்று முன்பு அஞ்சலை வந்தாள். பின்னால் தேவகி. பாப்பா நன்றாகக் கொழுத்திருந்தாள். அஞ்சலை நேராக என்னிடம் வந்தாள். உட்கார்ந்தாள், மடியில் அணைத்துப் பிடித்தாள், தொடையைக் காட்டினாள். நான் குப்பியை இரண்டு முறைக்கு மூன்று முறை படித்தேன். ஊசி இறங்கியது, பாப்பா கத்தினாள். நாலு விஷயத்தையும் சொன்னேன். ஐந்தாவதாக, கரிச் சட்டியை வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்றேன். தேவகி, "சட்டியையே தூக்கிப் போட்டுட்டேன் சிஸ்டர்" என்றாள்.

அரை மணி முடிந்தது. போகலாம் என்றேன். அஞ்சலை எழுந்திருக்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குழந்தையை மார்பில் சேர்த்தாள். பாப்பா விசும்பிக்கொண்டே குடிக்கத் தொடங்கினாள். அஞ்சலை என் கையைப் பிடித்து இழுத்து, பாப்பாவின் உள்ளங்காலில் வைத்தாள்.

"குடிக்குது, பாத்துக்கிங்க. தொட்டுட்டீங்க இல்ல?" என்றாள். "இப்ப படி எறங்கட்டுமா?"